ஊழிக்குப் பின் எஞ்சுவது

போடிநாயக்கனூரை வெளியூர்க்காரர்கள் ஏலக்காயை வைத்து அறிவார்கள். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் இங்கே இருக்கிறது. போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், கேரள எல்லைக்கு அப்பால் ஏலத்தோட்டங்கள் தொடங்கிவிடும். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் காலையில் ஜீப்புகளில் ஏறி அந்தச் சாலையில்தான் போகிறார்கள். 2010-க்குப் பிறகு இந்த ஊரின் பெயரோடு இன்னொரு சொல்லும் ஒட்டிக்கொண்டது: நியூட்ரினோ.

போடியை அடுத்த பொட்டிபுரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் போட்டு, உள்ளே 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கிக் காந்தமேற்றி நியூட்ரினோக்களை ஆராய்வது திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதன்பின் நடந்த போராட்டங்களைப் பற்றியும் வழக்குகளைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. அந்த மலைக்குள் தேட நினைத்த துகளை ஒட்டி இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை நாம் போதுமான அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன். இந்தப் பிரபஞ்சம் ஒருநாள் முடிந்துபோகும் என்று இயற்பியல் சொல்கிறது. அப்படியானால் கடவுள் நம்பிக்கை என்ன ஆகும்?

இதில் நியூட்ரினோ எங்கே வருகிறது? சூரியனின் மையத்தில் அணுக்கருக்கள் இணையும்போது பிறக்கும் இந்தத் துகள்கள் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்கு சுமார் 6,000 கோடி என்ற கணக்கில் கடந்து போகின்றன. எதிலும் மோதுவதில்லை, மோதினால் அது அபூர்வம். அந்த அபூர்வத்தைக் காண வேண்டுமென்றால், வானிலிருந்து ஓயாமல் பொழியும் மியூவான் துகள்களை முதலில் தடுத்தாக வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை சூழ்ந்திருந்தால் மியூவான்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறையும். அம்பரப்பர் மலையின் பாறை, சென்னைப் பல்லாவரம் குன்றுகளில் இருக்கும் அதே சார்னோக்கைட் வகை, கெட்டியானது. விஞ்ஞானிகள் போடி மலையைத் தேடி வந்ததற்கு இதுதான் காரணம்.

பிரபஞ்சம் தோன்றிய முதல் நொடியிலேயே விடுபட்ட நியூட்ரினோக்கள் இன்றும் இருக்கின்றன; வெட்டவெளியின் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் சுமார் 300. விண்மீன்கள் எல்லாம் அணைந்து, கருந்துளைகளும் கரைந்துபோன பிறகு மிஞ்சும் பொருள்களின் பட்டியலை எழுதினால், ஒளித்துகள்களோடு நியூட்ரினோக்களும் அதில் இருக்கும். ஊழி முடிந்தபின் எஞ்சுவதாக இன்றைய இயற்பியல் சொல்லும் பொருள்களில் ஒன்றுக்காகத்தான் பொட்டிபுரத்தில் அந்தச் சுரங்கம் திட்டமிடப்பட்டது.

முடிவின் வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசமாகிக்கொண்டு வருகிறது. இன்னும் சுமார் 100 கோடி ஆண்டுகளில் அதன் ஒளி பத்து சதவீதம் கூடும். பூமியின் கடல்கள் வற்றத் தொடங்கும். சுமார் 500 கோடி ஆண்டுகளில் சூரியன் செம்பெருமீனாக ஊதி, பிறகு சுருங்கி வெண்குறுமீனாகும். வெண்குறுமீனாக நிலைக்க உச்சபட்ச எடை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு என்று கணக்கிட்டவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல் தம் 19-ஆம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது அந்தக் கணக்கைத் தொடங்கினார். சுமார் 100 லட்சம் கோடி ஆண்டுகளில் புதிய விண்மீன்கள் பிறப்பது நின்றுபோகும். அதற்கு வெகுமுன்பே, பிரபஞ்சம் வேகம் கூடிக்கூடி விரிவதால், தொலைதூர விண்மீன் மண்டலங்கள் ஒவ்வொன்றாகப் பார்வை எல்லைக்கு வெளியே போய்விட்டிருக்கும். இந்த முடுக்கம் 1998-இல் கண்டறியப்பட்டது. கடைசியில் கருந்துளைகள். 1974-இல் ஸ்டீபன் ஹாக்கிங் காட்டியபடி அவையும் மிக மெதுவாக ஆவியாகின்றன. மிகப் பெரிய கருந்துளை மறைய, 1-க்குப் பின் 100 சுழிகள் போட்ட அளவுக்கு ஆண்டுகள் பிடிக்கும்.

இதன் அடியில் இருப்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. ஏலக்காயை உடைத்தால் மணம் அறையெங்கும் பரவுகிறது. பரவிய மணம் தானாகத் திரண்டு மறுபடி தோலுக்குள் புகுந்ததை யாரும் பார்த்ததில்லை. அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. பரவிக் கிடக்கும் நிலைகளின் எண்ணிக்கை திரண்டு கிடக்கும் நிலைகளைவிட எண்ணிலடங்காத மடங்கு அதிகம், அவ்வளவுதான். ஆற்றலும் இப்படியே பரவிக்கொண்டிருக்கிறது. எங்கும் ஒரே வெப்பநிலை வந்துவிட்டால் எதிலிருந்தும் வேலை வாங்க முடியாது. எந்த உயிரும் வாழ முடியாது.

விண்மீன்களின் கதை முடிந்தாலும் பொருளின் கதை முடிந்துவிட்டதா? இந்தக் கேள்விக்குத் தென்னிந்தியாவில் ஒரு வரலாறு உண்டு. கோலார் தங்கவயலின் சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள். அவர்கள் வெட்டித் திறந்த ஆழத்தில், பூமிக்கு அடியில் 2.3 கிலோமீட்டரில், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் ஜப்பானிய, பிரித்தானிய அறிவியலாளர்களோடு சேர்ந்து கருவிகளை வைத்தார்கள். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயம் 1965-இல் அங்கே கிடைத்தது. உலகிலேயே முதன்முதலாகக் கண்டவர்களில் அவர்களும் அடங்குவர். பொட்டிபுரம் திட்டத்தின் வேர் அதுதான்.

1980-இல் அதே சுரங்கத்தில் 140 டன் எடையுள்ள இன்னொரு கருவி இயங்கத் தொடங்கியது. இம்முறை தேடியது புரோட்டானின் சாவை. அணுக்கருவில் இருக்கும் புரோட்டான் என்றென்றும் நிலைத்திருக்கும் என்றே அதுவரை பெரும்பாலோர் கருதியிருந்தார்கள். ஒடிசாவில் பிறந்த இயற்பியலாளர் ஜோகேஷ் பதியும் பாகிஸ்தானைச் சேர்ந்த அப்துஸ் சலாமும் 1970-களின் தொடக்கத்தில் அது சிதையக்கூடும் என்றார்கள். 1974-இல் இயற்பியலாளர்கள் ஜியார்ஜையும் கிளாஷோவும் முன்வைத்த கோட்பாடும் அதையே சொன்னது: சராசரியாக 1-க்குப் பின் 30 அல்லது 31 சுழி போட்ட அளவு ஆண்டுகளில் ஒரு புரோட்டான் சிதையும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான் என்றிருக்க, யார் அவ்வளவு காலம் காத்திருப்பது? ஒரு புரோட்டானைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். எண்ணற்றவற்றை ஒரே சமயத்தில் கண்காணிக்கலாம். 140 டன் பொருளில் புரோட்டான்களும் நியூட்ரான்களுமாக 8-க்குப் பின் 31 சுழி போட்ட எண்ணிக்கை இருக்கிறது. கோட்பாடு சரியென்றால் ஆண்டுக்குச் சில சிதைவுகளாவது தென்பட வேண்டும்.

கோலார் குழுவினர் சிதைவாக இருக்கலாம் என்று சில நிகழ்வுகளை அறிவித்தார்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அமைந்த பெரிய நீர்த்தொட்டிக் கருவிகள் அதை உறுதிசெய்யவில்லை. இன்று ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே கருவி புரோட்டானின் ஆயுளுக்குத் தரும் கீழெல்லை, சில முக்கியமான சிதைவு வழிகளில், 1-க்குப் பின் 34 சுழி போட்ட ஆண்டுகளுக்கும் மேல். புரோட்டான் சிதைகிறதா என்பதற்கு இன்னும் விடை இல்லை. சிதையும் என்றால், அணைந்துபோன விண்மீன்களும் குளிர்ந்து உறைந்த கோள்களும், போடி மலையின் சார்னோக்கைட் கிடந்த இடத்தின் கடைசித் தூசியும்கூடப் பாசிட்ரானாக, ஒளியாக, நியூட்ரினோவாகக் கரையும். சிதையாது என்றால், குளிர்ந்த பொருள் கற்பனைக்கு எட்டாத காலம் அப்படியே கிடக்கும்.

இந்தச் சச்சரவைப் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது நம் தத்துவ மரபில் நடந்த பழைய வாதம். உலகம் அழியும்போது எஞ்சுவது எது என்ற கேள்விக்கு வைசேடிகர்கள் பரமாணுக்கள் என்றார்கள். அணுக்கள் நித்தியமானவை, ஊழியில் அவை தனித்தனியே பிரிந்து நிற்கும், அடுத்த படைப்பில் மறுபடி கூடும். சைவ சித்தாந்தம் இதை ஏற்கவில்லை. அணுவும் சடம், பலவாக இருப்பது, ஆகவே அதுவும் ஒன்றிலிருந்து தோன்றிய காரியமே, அதுவும் ஒடுங்கும். அது ஒடுங்குமிடம் மாயை என்றார்கள் சித்தாந்திகள். அந்தப் பரமாணுவும் இன்றைய புரோட்டானும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் இரண்டுக்கும் அநியாயம். ஆனால் பொருளின் மிகச்சிறிய கட்டுமானக் கல் ஊழியைத் தாண்டுமா என்ற கேள்வியை இவர்கள் தர்க்கத்தோடு எழுப்பி, எதிரெதிரான விடைகளை அஞ்சாமல் வைத்து மோதினார்கள். முடிவு என்ற எண்ணம் அவர்களைக் கலங்கச் செய்யவில்லை.

இதில் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் இடம் தனியானது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அவர் தந்த சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட நூல். கடவுள் உண்டு என்று நிறுவும் முதல் சூத்திரத்தில் அவர் பிடித்துக்கொள்வது உலகத்தின் அழகையோ ஒழுங்கையோ அல்ல. உலகம் அழியும் என்பதைத்தான். அவர் வாதத்தை என் சொற்களில் இப்படிச் சொல்லலாம்: நாம் காணும் எல்லாமே தோன்றி, நின்று, மறைகின்றன. ஆகவே இந்த மொத்தமும் ஒருநாள் மறையும். மறைந்தது மீண்டும் வருமானால், எதற்குள் ஒடுங்கியதோ அங்கிருந்துதான் வர வேண்டும். எல்லாம் ஒடுங்கும்போது ஒடுங்காமல் நிற்பவன் எவனோ அவனே முதல்வன். உலகுக்கு முடிவு இல்லையென்றால் இந்த வாதத்துக்குக் காலே இல்லை.

பிரபஞ்சத்தின் முடிவைக் கடவுள் நம்பிக்கைக்கு எதிரான செய்தியாகக் கேட்டுப் பழகிவிட்டோம். இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பெர்க் 1977-இல் வெளியிட்ட ‘முதல் மூன்று நிமிடங்கள்’ நூலின் இறுதியில், பிரபஞ்சம் புரியப்புரிய அதில் எந்த நோக்கமும் இல்லை என்றே தோன்றுவதாக எழுதினார். பெரிய மனிதர், நேர்மையான நாத்திகர். சந்திரசேகரும் தம்மை நாத்திகர் என்றே சொன்னவர். ஆனால் 1979-இல் வைன்பெர்க்கோடும் கிளாஷோவோடும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அப்துஸ் சலாம். அவர் ஆழ்ந்த இறைநம்பிக்கையாளர். பொருள் நிரந்தரமல்ல என்ற கருத்தை முன்வைத்தவர்களில் முதன்மையானவரும் அவரே. பரிசுக்குரிய கோட்பாடு ஒன்றுதான். அதிலிருந்து ஒருவர் நோக்கமின்மையைக் கண்டார். மற்றவரின் தொழுகை நிற்கவில்லை. முடிவு பற்றிய கணக்கு மட்டுமே இந்த வழக்கைத் தீர்க்கும் என்றால், அந்த இருவருக்குள் இவ்வளவு தூரம் இருந்திருக்காது.

எந்த நம்பிக்கைக்கு இந்தக் கணக்கு உண்மையிலேயே இடையூறு? இறைவனின் நோக்கம் இந்த உலகம் நீடிப்பதில்தான் இருக்கிறது, மனிதகுலம் முன்னேறிக்கொண்டே போய் ஒருநாள் இங்கேயே நிறைவடையும் என்று நம்புகிறவருக்கு இடையூறுதான். நம் கோயில்களில் வழிபடுகிறவர்களுக்கு அப்படியொரு வாக்கு தரப்பட்டதே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கும் திருவில்லிபுத்தூரில் மூலவர் வடபத்ரசாயி. உலகெல்லாம் வெள்ளத்தில் மூழ்கியபின் ஆலிலையில் துயிலும் பெருமாள். சீர்காழியின் தலபுராணம் ஊழி வெள்ளத்தில் மிதந்த தோணியைச் சொல்கிறது. கும்பகோணத்தின் தலபுராணம் அவ்வெள்ளத்தில் மிதந்துவந்த கும்பத்தை. தலைமுறை தலைமுறையாக நம் பாட்டிமார்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கும்பிட்டது, உலகம் முடிந்த பிறகும் இருக்கும் சாமியை. பைபிளும் குர்ஆனும்கூட இந்த வானத்துக்கும் பூமிக்கும் முடிவைச் சொல்கின்றன. அதன் பின் இறைவன் புதிதாக ஆக்குவதையும் சொல்கின்றன.

ஆகவே எளிதாகப் பொருந்திவிட்டது என்று சொல்லி நிறுத்திவிடலாமா? கூடாது. உண்மையான உராய்வு வேறோர் இடத்தில் இருக்கிறது. மெய்கண்டார் மரபு ஒடுக்கத்தோடு நிற்கவில்லை. மீண்டும் தோற்றம் உண்டு என்கிறது. ஆன்மாக்களைப் பற்றியிருக்கும் மலம் என்ற அழுக்கு இன்னும் நீங்கவில்லை, ஆகவே அவற்றுக்கு மறுபடி உடலும் உலகமும் வேண்டும். அழித்தல்கூட அலைந்து களைத்த உயிர்களுக்கு இறைவன் தரும் இளைப்பாறுதல்தான் என்று மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாச்சாரியார் வழி வந்தவர்கள் விளக்குவார்கள். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது. அழிவைக் கருணையாகப் பார்க்கும் துணிவு அதில் இருக்கிறது. ஆனால் இன்றைய இயற்பியலின் வழக்கமான கணக்கில் இளைப்பாறி எழுவது இல்லை. விரிந்து, குளிர்ந்து, அப்படியே கிடப்பதுதான் உண்டு. சுழற்சியை எதிர்பார்ப்பவர் இங்கே நின்று யோசிக்கத்தான் வேண்டும்.

அந்தக் கணக்கும் முடிந்த முடிபு அன்று. பிரபஞ்ச விரிவை முடுக்கும் இருள் ஆற்றல் மாறாதது என்ற அனுமானத்தில் அது நிற்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவிலிருந்து கோடிக்கணக்கான விண்மீன் மண்டலங்களை அளந்துவரும் டெசி என்ற கருவி 2024-இலும் 2025-இலும் வெளியிட்ட முடிவுகளில், இருள் ஆற்றல் காலப்போக்கில் வலுக்குறைந்து வருவதற்கான குறிப்பு தென்பட்டது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கும் அளவுக்கு இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானால் தொலைதூர எதிர்காலத்தை மறுபடி கணக்கிட வேண்டும். ரோஜர் பென்ரோஸ், ஒரு பிரபஞ்சத்தின் குளிர்ந்த முடிவே அடுத்ததன் தொடக்கம் ஆகலாம் என்றொரு கோட்பாட்டை முன்வைத்திருக்கிறார். பெரும்பாலான இயற்பியலாளர்கள் அதை ஏற்கவில்லை.

பென்ரோஸைப் பிடித்துக்கொண்டு “பார்த்தீர்களா, நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்” என்று மேடையேறுவது பெரும் தவறு என்பது என் உறுதியான எண்ணம். பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள், பூமியின் வயது 454 கோடி என்று பக்கத்தில் வைத்துக் காட்டுவதை அடிக்கடி கேட்கிறோம். பிரம்மாவின் ஆயுள் 311 லட்சம் கோடி ஆண்டுகள், விண்மீன் பிறப்பு நிற்கும் காலம் 100 லட்சம் கோடி என்றும் வைத்துக்காட்டலாம். அந்தப் புராணக் கணக்கு யுகங்களைப் பெருக்கி வந்தது. இந்தக் கணக்கு விண்மீன்களின் எரிபொருளை அளந்து வந்தது. நாளை புதிய அளவீட்டில் ஓர் எண் மாறினால், அதில் கட்டிவைத்த நம்பிக்கையும் ஆட்டம் காணும். பெருவெடிப்புக் கொள்கையை முதலில் வகுத்த ஜார்ஜ் லெமேத்ர் கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்தக் கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது லெமேத்ருக்கு அது உவப்பாக இல்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விக்கு வெளியே நிற்கிறது என்பதே அவர் நிலை. நம்பாதவர் மறுக்கவும் நம்புகிறவர் நம்பவும் அது இடம் விடுகிறது. தம் ஜெபத்தையும் தம் சமன்பாட்டையும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நிறுத்தாத அந்த நேர்மையை நம்மூர் ஆன்மிகப் பேச்சாளர்களிடமும் எதிர்பார்க்கிறேன்.

பொட்டிபுரத்துக்கு வந்த எதிர்ப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே உள்ளவர்களின் கவலை கோடி கோடி ஆண்டு தள்ளியிருக்கும் முடிவைப் பற்றியதாக இருக்கவில்லை. மலை, நீரூற்று, மேய்ச்சல், சில கிலோமீட்டரில் கேரளப் பக்கம் இருக்கும் மதிகெட்டான் சோலை என்று அவர்கள் கண்முன் இருப்பதைப் பற்றியது. நியூட்ரினோவால் யாருக்கும் தீங்கு இல்லை. அது ஏற்கெனவே எல்லோருடைய உடலின் வழியாகவும் போய்க்கொண்டிருக்கிறது. பாறையை வெடிவைத்துக் குடைவதும் லாரிகளில் அள்ளுவதும் வேறு விஷயம். இந்த இரண்டையும் பிரித்து, அந்த மக்களின் மொழியில், திட்டம் முடிவாகும் முன்பே பொறுமையாகப் பேசியிருக்க வேண்டும். 2021-இல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிரதமரிடம் இந்தத் திட்டத்தைக் கைவிடக் கோரினார். அடுத்த ஆண்டு மாநில அரசு தன் எதிர்ப்பை உச்ச நீதிமன்றத்திலும் பதிவுசெய்தது. பொட்டிபுரத்துக் கருவியின் மாதிரியாக 85 டன் எடையில் ஒன்று மதுரையில் இயங்குகிறது. பொட்டிபுரமும் இறங்க நினைத்த, நியூட்ரினோக்களின் எடை வரிசையைக் கண்டறியும் போட்டியில் சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025 ஆகஸ்டில் தரவு சேர்க்கத் தொடங்கிவிட்டது.

புரோட்டானைத் தேடும் வேலையும் நிற்கவில்லை. சூப்பர் கமியோகாண்டேவைவிடப் பல மடங்கு பெரிய ஹைப்பர் கமியோகாண்டே ஜப்பானில் உருவாகிவருகிறது. கோலாரில் 1980-இல் கேட்ட கேள்விக்கு இந்தத் தலைமுறையிலேயே விடை கிடைத்தாலும் கிடைக்கலாம். புரோட்டான் சிதைவது உறுதியானால் கடவுள் உண்டா இல்லையா என்பதில் எதுவும் மாறாது. ஆனால் மாயை நித்தியம், அதிலிருந்து உலகம் மறுபடி தோன்றும் என்று படிக்கிறவர்களுக்கு ஒரு புதிய வேலை வரும்: எலக்ட்ரானும் பாசிட்ரானும் ஒளியும் நியூட்ரினோவும் மட்டுமே மிஞ்சிய வெட்டவெளியை மாயையின் ஒடுக்கம் என்று கொள்வதா, அதுவும் இன்னும் காரிய நிலைதானா? பதினெட்டாம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர், தம் காலம் வரை எழுந்த மறுப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதினார். இந்தக் கேள்விக்கு விடை எழுத வேண்டியவர்கள் இயற்பியலாளர்கள் அல்லர். இன்று அந்த மாபாடியத்தைப் பாடம் கேட்கிறவர்கள்.